என்.பி.ஏ. கதவடைப்பு: களவெட்டியில் யாருக்கு எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

மட்டக்களப்பில் கூடைப்பந்து அமெரிக்க யேசுசபைத் துறவிகளால் வேரூன்றிய ஆட்டம். புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறைகளுக்குப் பந்து பழக்கி, 1990 ஓகஸ்டில் காணாமற்போன ஹெபர்ட் அடிகளார் லூசியானாவிலிருந்து வந்தவர். வெபர் அடிகளாரின் பெயரை நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கிறது. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் கழக முதலாளிகளும் வீரர்களும் முட்டிக்கொண்டால் இங்கே கேள்விகள் எழுவதில் புதுமை இல்லை. இந்த இதழில் அந்தக் கேள்விகளுக்கு மட்டும் இடம்.

ஒரு செய்தியில் 'வேலைநிறுத்தம்' என்கிறார்கள், இன்னொன்றில் 'லொக்அவுட்' என்கிறார்கள். எது சரி?
– வாழைச்சேனை வாசகர்

லொக்அவுட், அதாவது கதவடைப்பு. தொழிலாளி வேலைக்குப் போக மறுத்தால் அது வேலைநிறுத்தம். முதலாளி வாசலைப் பூட்டினால் அது கதவடைப்பு. என்.பி.ஏ.யில் 1995, 1996, 1998-99, 2011 என நான்கு தடவையும் பூட்டியவர்கள் முதலாளிகள்தான். முதல் இரண்டிலும் ஓர் ஆட்டம்கூடக் கெடவில்லை. 1996இல் பூட்டிய கதவு சில மணி நேரத்தில் திறந்தது. 'வீரர்களின் ஸ்ட்ரைக்' என்று எழுதுவது குற்றத்தை இடம் மாற்றிப் போடுவது. அதனால்தான் இந்தச் சொல்லில் கறாராக இருக்கிறோம்.

முதலாளிகள் ஏன் ஜூலையிலேயே பூட்டுகிறார்கள்? ஒப்பந்தம் ஜூன் 30இல் முடிகிறது. ஒப்பந்தம் இல்லாமலே பருவத்தைத் தொடங்கினால், வீரர்கள் ஏப்ரல் வரை ஆடிச் சம்பளத்தின் பெரும்பகுதியை வாங்கிவிட்டு, கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றுகளான பிளேஓஃப் தொடங்கும் நேரம் பார்த்து நிறுத்திவிடலாம். முதலாளிக்குக் காசு கொழிக்கும் காலம் அதுதான். ஜூலையில் பூட்டினால் வருமானம் இன்னும் தொடங்கவில்லை, ஆகவே அவருக்கு நட்டம் குறைவு. நவம்பரில் சம்பளம் வராதபோது தவிப்பது வீரர்.

வீரர்களுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். 1964 ஜனவரி 14, பொஸ்டன் நகரில் நட்சத்திர வீரர்களின் ஆட்டம், தொலைக்காட்சி நேரடி ஒளிபரப்பு. ஓய்வூதியத் திட்டத்துக்கு உறுதி கிடைக்காமல் களத்துக்கு வரமாட்டோம் என்று வீரர்கள் உடைமாற்றும் அறையிலேயே இருந்துவிட்டார்கள். அப்போதைய என்.பி.ஏ. தலைவர் வால்டர் கெனடி உறுதி கொடுத்த பிறகே, தாமதமாக, பந்து மேலே போனது.

கதவடைப்பு நாளில் பூட்டப்படுவது மைதானம் மட்டுமல்ல. கழகத்தின் பயிற்சிக் கூடம், பயிற்றுநர், கழக வைத்தியர் எவரையும் வீரர் அணுக முடியாது. அறுவைச்சிகிச்சை செய்து தேறிவருபவரும் வெளியில் தன் செலவில் பார்க்கவேண்டும். 2011இல் கழக இணையத்தளங்களிலிருந்து வீரர்களின் படங்கள் ஒரே நாளில் மறைந்தன. முதலாளிகளுக்கும் வாய்ப்பூட்டு உண்டு: டுவிட்டரில் எழுதியதற்காக மயாமி ஹீட் உரிமையாளர் மிக்கி அரிசனுக்கு 500,000 டொலர் தண்டம் விதித்தார்கள்.

கோடிக்கணக்கில் வாங்குகிறவர்களுக்கு இன்னும் எதற்குப் போராட்டம்? எங்கள் ஊரில் ஆயிரம் ரூபாவுக்கு அல்லவா ஆட்கள் மறியல் இருந்தார்கள்?
– களுவாஞ்சிகுடி வாசகர்

நியாயமான கோபம். ஆனால் இரண்டு போராட்டமும் ஒரே வகை அல்ல. தோட்டத் தொழிலாளரின் கூட்டு ஒப்பந்தத்தில் பேசப்பட்டது நாட்சம்பளம். இங்கே பேசப்படுவது பங்கு. ஆகவே தோட்டத்தை விட்டுவிட்டு நம் வயலுக்கு வாருங்கள்.

போடியாரின் காணி, முல்லைக்காரரின் உழைப்பு. களவெட்டியில் நெல் குவிந்துவிட்டது. அங்கே வருகிற சண்டை "ஒரு மூடைக்கு என்ன விலை" என்பதல்ல. விதைநெல், உரம், உழவு மெசின், வெட்டுக்கூலி இவற்றைக் கழித்துவிட்டுப் பிரிப்பதா, கழிக்காமல் பிரிப்பதா? எது செலவு, எது செலவில்லை? என்.பி.ஏ. சண்டையும் அச்சொட்டாக இதுவே.

அங்கே குவியலுக்குப் பெயர் 'கூடைப்பந்து சார் வருமானம்'. ஆங்கில எழுத்துகளில் பி.ஆர்.ஐ. என்பார்கள். நுழைவுச்சீட்டு, தொலைக்காட்சி உரிமை, அனுசரணை, அரங்கில் விற்கும் சாப்பாடு, வாகனத் தரிப்பிடம் எல்லாம் அதற்குள் வரும். கழகத்தையே விற்றால் கிடைக்கும் பணமும், புதிய கழகம் சேரும்போது கட்டும் நுழைவுத் தொகையும் வராது. இந்த இடத்தைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2005 ஒப்பந்தத்தில் வீரர்களின் பங்கு 57 வீதம். 2011இல் முதலாளிகள் சொன்னது: 30 கழகங்களில் 22 நட்டத்தில் ஓடுகின்றன, ஒரு பருவத்தில் ஏறத்தாழ 300 மில்லியன் டொலர் போய்விட்டது. அப்போதைய வருமானம் 4 பில்லியன் டொலருக்குச் சற்றுக் குறைவு. ஒரு வீதம் என்றால் கிட்டத்தட்ட 40 மில்லியன். 57இலிருந்து 50க்கு இறக்கினால் ஏழு வீதம், அதாவது 280 மில்லியன். அவர்கள் சொன்ன நட்டம் முழுவதையும் வீரர்களின் பங்கிலிருந்தே அடைக்கப் பார்த்தார்கள் என்பது இந்த ஒரு பெருக்கலில் தெரிந்துவிடும். பேச்சுவார்த்தை மேசையில் முதலாளிகள் 47இலிருந்து 50க்கு ஏறினார்கள். வீரர்கள் 53, பிறகு 52.5 என்று இறங்கினார்கள். கடைசியில் வருமானத்தின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்து 49க்கும் 51க்கும் இடையில் நின்றது.

நட்டம் பொய் என்று சொல்ல வரவில்லை. சிறிய நகரக் கழகங்கள் திணறியது உண்மை. ஆனால் ஆண்டுக் கணக்கில் நட்டம் காட்டும் காணியின் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2010இல் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் 450 மில்லியன் டொலருக்குக் கைமாறியது. 2014இல் கிளிப்பர்ஸ் 2 பில்லியன். 2025இல் பொஸ்டன் செல்டிக்ஸ் 6.1 பில்லியன் மதிப்பில் விலைபோனது. இந்த ஏற்றத்தில் ஒரு சதமும் பங்குக் குவியலுக்குள் வராது. அதனால், "இவ்வளவு வாங்குகிறவனுக்கு இன்னும் என்ன" என்று வீரரைப் பார்த்துக் கேட்பவர், அதே மூச்சில் முதலாளியையும் கேட்கவேண்டும். உழைத்தவனின் பங்கு பெரிய தொகையாக இருப்பதால் அது பங்கு இல்லை என்று ஆகிவிடாது.

வீரரின் சம்பளத்தில் 10 வீதத்தைப் பிடித்து வைக்கிறார்களாமே? மாணவர்கள் கேட்கிறார்கள், விளக்க முடியவில்லை.
– கல்முனை ஆசிரியை

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள். மொத்த வருமானம் 100. வீரர்களின் பங்கு 50 என்று ஒப்பந்தம். ஆனால் தனித்தனி வீரர்களோடு கழகங்கள் எழுதிக்கொடுத்த சம்பளங்களைக் கூட்டினால் 53 வருகிறது. மூன்று கூடிவிட்டது. யாரிடமிருந்து திரும்ப எடுப்பது?

பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஒவ்வொரு சம்பளத்திலும் 10 வீதத்தை முன்கூட்டியே தனிக் கணக்கில் ஒதுக்குகிறார்கள். 53இல் 10 வீதம் 5.3. கணக்கு முடிந்ததும் கூடுதலான 3 முதலாளிகளுக்குப் போகும். மீதி 2.3 வீரர்களுக்கு அவரவர் சம்பள விகிதப்படி திரும்பும். எழுதிய சம்பளங்களின் கூட்டல் 48 மட்டுமே என்றால், ஒதுக்கியது முழுவதும் வீரருக்குத் திரும்புவதோடு, குறைந்த 2ஐயும் முதலாளிகள் சேர்த்துக் கொடுக்கவேண்டும்.

மாணவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு: 10 வீதம் போய்விட்டது என்றே எழுதிவிடுவார்கள். அது போகவில்லை, பிணையாகக் கிடக்கிறது.

உச்சவரம்பு, ஆடம்பர வரி, ஏப்ரன்... எத்தனை கோடுகள்?
– அக்கரைப்பற்று வாசகர்

நான்கு. 2025-26 பருவத்துக்கு மில்லியன் டொலர் கணக்கில்: ஒரு கழகத்தின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு 154.647, தாண்டினால் கழகம் வரி கட்டவேண்டிய ஆடம்பர வரிக் கோடு 187.895, அதற்கும் மேலே, தாண்டினால் வீரர்களை எடுப்பதில் கட்டுப்பாடுகள் விழும் கோடுகளான முதல் ஏப்ரன் 195.945, இரண்டாம் ஏப்ரன் 207.824. முந்திய பருவத்தில் உச்சவரம்பு 140.588. ஓர் ஆண்டில் 10 வீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பது விதி. அந்தத் தடவை முழுப் பத்தும் ஏறியது.

உச்சவரம்பு என்று பெயர் இருந்தாலும் அது இறுக்கமான கூரை அல்ல. தன் வீரரைத் தக்கவைக்க அதைத் தாண்டலாம். கழகங்களை உண்மையில் கட்டிப்போடுவது 2023 ஒப்பந்தம் கொண்டுவந்த இரண்டாம் ஏப்ரன். அதைத் தாண்டிய கழகம் இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை மாற்றி எடுக்க முடியாது. மாற்றத்தில் காசு கொடுக்க முடியாது. புதுமுக வீரரை எடுக்கும் உரிமையில், ஏழு வருடத்துக்குப் பிந்திய முதற்சுற்றுத் தெரிவும் முடங்கும். 2024இல் கிண்ணம் வென்ற செல்டிக்ஸ் அடுத்த வருடமே ஜூரூ ஹொலிடேயையும் போர்சிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்குவதற்காக. வீரர் சரியில்லை என்பதற்காக அல்ல.

தனி வீரருக்கு உச்ச சம்பளம் என்ற விதி 1999இல் வந்தது. 1997இல் கெவின் கார்னெட்டுக்கு 6 வருடத்துக்கு 126 மில்லியன் எழுதிக்கொடுத்த பிறகு மற்ற முதலாளிகள் மிரண்டுபோனதன் விளைவு அது.

கதவடைப்பு வந்தால் ஒவ்வொரு நாளும் 'முடியப்போகிறது', 'முறிந்துவிட்டது' என்று மாறி மாறிச் செய்தி. எதை நம்புவது?
– காத்தான்குடி வாசகர்

சொல்லை நம்பவேண்டாம், நாட்காட்டியைப் பாருங்கள். இரு தரப்புக்கும் வலிக்கும் திகதிகள் நெருங்கும்போதுதான் பேச்சு அசையும். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் அசையாது. அந்த இரண்டு மாதமும் நிம்மதியாகத் தூங்குங்கள்.

2011ஐ எடுத்துப் பாருங்கள். ஜூலை 1 கதவடைப்பு. ஒக்டோபர் 10, முதல் இரண்டு வாரத்துக்கான 100 ஆட்டங்கள் இரத்து. ஒக்டோபர் 28, நவம்பர் மாத ஆட்டங்கள் அத்தனையும் போயின, மொத்தம் 221. நவம்பர் 15 வீரர்களின் முதல் சம்பள நாள், அன்று கையில் ஒன்றும் வரவில்லை. அதே நாளில் டிசெம்பர் 15 வரையுள்ள ஆட்டங்களும் இரத்தாக, எண்ணிக்கை 324 ஆனது. பதினொரு நாள் கழித்து, நவம்பர் 26 விடியற்காலை நியூயோர்க்கில் இணக்கம். டிசெம்பர் 8 ஒப்பந்தம் உறுதியானது, 25 நத்தார் நாளில் முதல் ஆட்டம்.

இங்கே கவனிக்கவேண்டியது: 324 ஆட்டங்களை இரத்துச் செய்தார்கள், ஆனால் கடைசியில் இழந்தது 240 மட்டுமே. ஒவ்வொரு கழகத்துக்கும் 82க்குப் பதில் 66 ஆட்டம். 16 ஆட்டத்தை 30 கழகத்தால் பெருக்கி இரண்டால் பிரித்தால் 240. அட்டவணையைப் புதிதாகப் பின்னி, பருவத்தைப் பின்னுக்கு நீட்டி, கொஞ்சத்தை மீட்டார்கள். ஆகவே 'இரத்து' என்ற அறிவிப்பு பாதி உண்மை, பாதி அழுத்தம்.

1998-99இல் வலித்த திகதி வேறு. ஜனவரி 7க்குள் முடியாவிட்டால் முழுப் பருவமும் போகும் என்று ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் கோடு போட்டிருந்தார். ஜனவரி 6இல் இணங்கினார்கள். அந்தப் பருவம் 50 ஆட்டமாகச் சுருங்கி, 464 ஆட்டங்கள் போயின. அந்த வருட நட்சத்திர ஆட்டமும் நடக்கவில்லை.

செய்தியை வாசிக்கும்போது யார் வாயால் வந்தது என்று பாருங்கள். தனி வீரரின் முகவர் சொன்னது வீரர் சங்கத்தின் நிலைப்பாடு ஆகாது; முகவர்களும் சங்கமும் 2011இல் வெளிப்படையாகவே முரண்பட்டார்கள். 'நல்ல பேச்சு' என்ற வார்த்தைக்கு எடை இல்லை. ஆனால் சிறிய குழுவாக உள்ளே போனவர்கள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெளியே வராவிட்டால் அதற்கு எடை உண்டு.

நேர வித்தியாசம் ஒன்று. கோடையில் நியூயோர்க் நமக்கு ஒன்பதரை மணி பின்னால், குளிர்காலத்தில் பத்தரை மணி. அங்கே நள்ளிரவுக் கெடு என்றால் நமக்கு ஜூலையில் காலை 9.30, ஜனவரியில் 10.30. படுக்கப்போகும்முன் பார்த்த செய்தி விடியும்போது பழசாகியிருக்கும். காலைத் தேநீருக்குப் பிறகு பார்ப்பதே நல்லது.

2011இல் வீரர்கள் தங்கள் சங்கத்தைத் தாங்களே கலைத்தார்களாம். கையிலுள்ள ஆயுதத்தை எறிவதா?
– திருக்கோவில் வாசகர்

எறியவில்லை. வேறு ஆயுதத்தை எடுத்தார்கள். முழுக் கதையிலும் ஆழமான இடம் இது, கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

30 தனித்தனி நிறுவனங்கள் ஒன்றுகூடி, "தொழிலாளிக்கு இதற்குமேல் கொடுக்கமாட்டோம்" என்று முடிவெடுத்தால் அமெரிக்க ஏகபோகத் தடைச் சட்டப்படி அது குற்றம். உச்சவரம்பு என்பது சரியாக அந்தக் காரியம்தான். ஆனாலும் அது செல்லுபடியாகிறது, ஏனென்றால் வீரர்களின் சங்கம் பேசி ஒப்புக்கொண்ட விதிகளுக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. சங்கம் இருக்கும்வரை முதலாளிகளின் தலைக்குமேல் ஒரு குடை. சங்கம் இல்லாமற்போனால் குடையும் இல்லை. அப்போது தனி வீரர் நீதிமன்றம் போகலாம். வென்றால் நட்டஈடு மூன்று மடங்கு.

நவம்பர் 14, சங்கத்தின் நிர்வாக இயக்குநர் பில்லி ஹண்டரும் சங்கத் தலைவர் டெரெக் ஃபிஷரும் சங்கம் இனி வீரர்களுக்காகப் பேசாது என்று அறிவித்தார்கள். கலிபோர்னியாவிலும் மினசோட்டாவிலும் வழக்குகள் விழுந்தன. பன்னிரண்டாம் நாள் இணக்கம் வந்தது.

அப்படியானால் ஜூலையிலேயே ஏன் செய்யவில்லை? மூன்று காரணம். வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும். வீரரின் விளையாட்டு ஆயுளோ குறுகியது. இரண்டாவது, முதலாளிகள் ஓகஸ்டிலேயே நியூயோர்க் நீதிமன்றத்துக்கு முந்திப்போய், சங்கத்தைக் கலைப்பது நாடகம் என்றும், கலைத்தால் இருக்கும் வீரர் ஒப்பந்தங்களும் செல்லாது என்று அறிவிக்கவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். மூன்றாவது, பேச்சு உண்மையில் முட்டி நின்றபிறகு கலைத்தால்தான் நீதிபதியின் கண்ணுக்கு அது உண்மையாகத் தெரியும்.

இணங்கியபிறகு சங்கத்தைத் திரும்பக் கூட்டவேண்டியிருந்தது. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சங்கத்தால் மட்டுமே முடியும் என்பதே காரணம். நவம்பர் 26க்கும் டிசெம்பர் 8க்கும் இடைப்பட்ட நாட்கள் போனது அதற்காக.

அந்த நேரம் வேறு நாட்டில் போய் ஆடினால் என்ன?
– கல்லடி வாசகர்

போனார்கள். டெரன் வில்லியம்ஸ் துருக்கியின் பெசிக்டாஷ் கழகத்தில் ஆடினார். இருக்கும் என்.பி.ஏ. ஒப்பந்தம் உயிரோடு இருப்பதால், கதவு திறந்ததும் திரும்பிவிடலாம் என்ற பிரிவை வெளிநாட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். சிக்கல் சீனாவில் வந்தது. அங்கே இடையில் விலகும் பிரிவுக்கு அனுமதி இல்லை. ஜே.ஆர். ஸ்மித், கென்யன் மார்டின், வில்சன் சாண்ட்லர் மூவரும் ஒப்பந்தம் இல்லாத நேரத்தில் அங்கே கையெழுத்துப் போட்டார்கள். டிசெம்பரில் என்.பி.ஏ. தொடங்கிவிட்டது, இவர்கள் சீனப் பருவம் முடியும்வரை காத்திருக்கவேண்டியதாயிற்று. காயப்பட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் உண்டு: காப்புறுதியை வீரரே வாங்கவேண்டும், பெரிய சம்பளக்காரருக்கு அந்தக் கட்டணமே கையைக் கடிக்கும்.

இதில் ஒன்றுக்கும் வழியில்லாதவர்கள் அரங்கில் சாப்பாடு விற்பவர், வாசற்காவலர், துப்புரவு செய்பவர். ஆட்டத்துக்கு ஆட்டம் கூலி. 66 ஆட்டப் பருவத்தில் வீரருக்கு 82இல் 66 பங்கு சம்பளமாவது எழுத்தில் உறுதி. இவர்களுக்காக மேசையில் ஒரு நாற்காலிகூட இல்லை. கதவடைப்புச் செய்திகளில் இவர்களைப் பற்றி ஒரு பந்தியாவது தேடி வாசியுங்கள்.

சுருங்கிய பருவத்தில் ஆட்டத்தின் தரம் உண்மையில் குறைந்ததா?
– ஏறாவூர், பாடசாலைப் பயிற்றுநர்

குறைந்தது. 2010-11இல் 82 ஆட்டம் 170 நாளில். 2011-12இல் 66 ஆட்டம் 124 நாளில். 1999இல் 50 ஆட்டம் 90 நாளில். ஆட்டங்களுக்கு இடையில் கால் நாள்தானே குறைகிறது என்று தோன்றும். அந்தக் கால் நாள் போய் விழும் இடம் பயிற்சி. மூன்று இரவில் மூன்று ஆட்டம் என்ற அட்டவணை இரண்டு பருவத்திலும் வந்தது. நடுவில் கூடிப் பழக நேரமே இல்லை. 1998-99இல் ஓர் அணியின் சராசரிப் புள்ளி 91.6க்கு இறங்கியது. முதலில் கெடுவது எறிதல், ஏனென்றால் களைத்த கால் எழும்பாது, பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பும். உங்கள் பிள்ளைகளுக்கு மூன்று நாள் தொடர் சுற்றுப்போட்டி வந்தால் இரண்டாம் நாள் மாலையில் எறிதல் பயிற்சியைக் கூட்டாதீர்கள். காலுக்கு ஓய்வும் தண்ணீரும் கொடுங்கள்.

பெண்கள் லீக்கிலும் இதே பிரச்சினையா?
– ஆரையம்பதி மாணவி

ஆம், பங்கு இன்னும் சிறியது என்ற வித்தியாசத்தோடு. டபிள்யூ.என்.பி.ஏ. வீராங்கனைகள் 2024 ஒக்டோபரில் இருந்த ஒப்பந்தத்திலிருந்து முன்கூட்டியே விலகினார்கள். 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸ் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் எல்லோரும் "எங்களுக்குத் தரவேண்டியதைத் தாருங்கள்" என்ற வாசகம் எழுதிய கறுப்புச் சட்டையோடு களத்துக்கு வந்தார்கள். 1964இல் ஆண்கள் அறைக்குள் இருந்து சொன்னதை இவர்கள் அரங்கின் நடுவில் நின்று சொன்னார்கள்.

மகன் ஆட்டம் பார்க்க இணையச் சந்தா கட்டுகிறான், டொலரில். கதவடைப்பு வந்தால் அந்தக் காசு?
– சம்மாந்துறை, ஒரு தாய்

சந்தா கணக்கில் 'தானாகப் புதுப்பித்தல்' என்ற தெரிவை ஜூன் மாதமே நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒப்பந்தம் முடியும் வருடத்தில் முழுப் பருவத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டாம், மாதச் சந்தா போதும். கட்டிவிட்டால் பற்றுச்சீட்டு மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அடுத்த கதவடைப்பு எப்போது வரலாம்?
– செங்கலடி வாசகர்

இப்போதைய ஒப்பந்தம் 2023-24இல் தொடங்கி 2029-30 வரை. ஆனால் 2028-29 பருவத்தோடு விலக இரு தரப்புக்கும் உரிமை உண்டு. 2025-26இல் தொடங்கிய 11 வருட, 76 பில்லியன் டொலர் தொலைக்காட்சி ஒப்பந்தம் கையில் இருப்பதால் குவியல் பெரிது. ஆட்டங்களை இழக்க இரு தரப்புக்கும் மனம் வராது. அதேவேளை இரண்டாம் ஏப்ரன் வீரர்களை உறுத்திக்கொண்டிருக்கிறது, புதிய கழகங்கள் சேர்ந்தால் கட்டும் நுழைவுத் தொகையும் பங்குக்குள் வராது. மோதல் வந்தால் அந்த இரண்டு இடத்திலிருந்தும் கிளம்பும் என்பது எங்கள் கணிப்பு. எவராவது விலகினால், பூட்டு விழக்கூடிய முதல் நாள் 2029 ஜூலை 1. நமக்கு அப்போது ஞாயிற்றுக்கிழமை காலை 9.31.